எங்கும் காணப்படும்

1993இல் திண்டிவனத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது நான் எழுதிய முதல் பாடக்குறிப்பு, கரப்பான்பூச்சியையும் நில நத்தையையும் ஒப்பிடுவது. கரப்பானுக்கு ஆறு கால்கள். நத்தைக்கு ஒரே பாதம். கரப்பான் எதையும் தின்னும். நத்தைக்கு ஈரமும், ஓடு வளரச் சுண்ணாம்பும் வேண்டும். கடைசி வரி வாழிடம். இரண்டுக்கும் ஒரே விடைதான்: எங்கும் காணப்படும். அப்போது அது சரி. மழை விட்டதும் பள்ளிக்குப் பின்னால் கிளுவை வேலிக்கு யாரை அனுப்பினாலும் தட்டை ஓட்டு நத்தை ஒன்றோடு வருவார்கள்.

பிறகு வேலி போய்ச் சுவர் வந்தது. மைதானத்தில் பாதிக்குச் சிமெண்ட் போட்டார்கள். அந்தத் தட்டை ஓட்டு நத்தை அழிந்துவரும் இனம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் வந்துபோகும் அலுப்பில், வகுப்பில் எழுதச் சொல்லும்போது பழைய வரிதான் வாயில் வந்தது.

2011 ஐப்பசியில், விழுப்புரத்தை அடுத்த காணையில் என் அண்ணன் வீட்டு வேலியில் அந்த நத்தை ஒன்றைப் பார்த்தேன். டிபன் டப்பாவில் இலை போட்டு எடுத்து வைத்தேன்.

"இன்னா டீச்சரம்மா, கொழம்பு வெக்கப் போறியா?" என்றார் அண்ணி.

"பசங்க பாத்ததே இல்ல அண்ணி. காட்டிட்டுக் கொண்டாந்து வுட்டுடறேன்."

"எங்க வுடுவ? நாளைக்கு மிஷினு வருது. வேலிய வாரிட்டுக் காம்பவுண்டு போடறோம்."

மறுநாள் வகுப்பில், மேசைமேல் அது மெல்லக் கொம்பு நீட்டியது.

"ஐய, கண்ணு கொம்பு நுனியில இருக்குதுடீ!"

"கரப்பான் எங்க டீச்சர்?"

"ஒன் பையில பாரு, இருக்கும்," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மணி அடித்தது. முன்பெஞ்சுப் பெண், "இத எங்க டீச்சர் வுடுவீங்க?" என்றாள்.

"அதான் தெரியல."

"எங்க வேணா வுடலாமே. எங்கும் காணப்படும்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

அவள் கிண்டல் செய்யவில்லை.

மாலை பேருந்தில் டப்பா மடியில் இருந்தது. வழி நெடுக இடம் தேடிக்கொண்டே வந்தேன், இறங்குமிடம் வந்துவிட்டது. வீட்டில் பசலைக்கொடித் தொட்டியில் விட்டுத் தண்ணீர் தெளித்தேன். சில வாரம் இலை கடித்தது. வெயில் ஏறியதும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டு மழைக்கும் திறக்கவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே அதே பாடம் வந்தது. வாழிடம் என்று சொல்லி நிறுத்தினேன்.

"கரப்பானுக்கு, எங்கும் காணப்படும்."

"நத்தைக்கு டீச்சர்?"

"அந்த எடத்த காலியா விட்டுடுங்கம்மா," என்றேன்.