வெறும் வயிற்றில் ஒரு டீ

சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் அந்தத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் தில்லைநாதன் கண்ணயர்ந்தால், கீரப்பாளையத்தில் இறங்க வேண்டியவர் சேத்தியாத்தோப்பில்தான் இறங்குவார். ஒரு காலத்தில் அவர் தொண்டை இருக்க, பஸ்ஸுக்கு ஹாரனே தேவைப்படவில்லை. 2006-க்குப் பிறகு குரல் கம்மி, முகம் உப்பி, சித்திரை வெயிலிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்க ஆரம்பித்தார். குதிரை நின்றுகொண்டு தூங்கலாம், கண்டக்டர் தூங்கலாமா?

எழிலரசி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு கம்மியாகச் சுரக்கிறது, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் போட வேண்டும் என்றார். தில்லைநாதனுக்கு வியாதியைவிட அதன் பெயர்தான் அவமானமாக இருந்தது. கொழுந்தியாளுக்கு இருக்கிறது, எதிர்வீட்டு அம்மாளுக்கு இருக்கிறது. முறுக்கு மீசை வைத்த ஆளுக்கு வரலாமோ? மாத்திரை பாட்டிலைக் கண்டக்டர் பைக்குள் மஞ்சள் துணியில் சுற்றி ஒளித்துக்கொண்டார். மனைவி மங்கலத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தினமும் நாலரை மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் முதல் டீயை வாங்கி, திரும்பி நின்று, மாத்திரையை வாயில் போட்டு டீயால் விழுங்குவார். டாக்டர் பேச்சை மீறினார் என்று யாரும் அவர்மேல் பழி போடாதீர்கள். டீ எந்த ஊரில் ஐயா சாப்பாட்டில் சேர்த்தி? விருந்தாளிக்கு டீ கொடுத்துவிட்டு, “ஒன்னுமே சாப்புடாம போறீங்களே” என்று அங்கலாய்க்கிற ஊர் எங்கள் ஊர்.

“வெறும் வயித்துலதான போடுறீங்க?” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“தில்லை நடராஜர் சத்தியமா மேடம்.”

சத்தியமே செய்துவிட்டார், அப்புறம் டாக்டர் என்ன செய்வார்? ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்த மாத்திரை எழுபத்தைந்தாகி, நூறாகி, நூற்றிருபத்தைந்தில் வந்து நின்றது. தில்லைநாதனும் அதேபோல் தூங்கிக்கொண்டு நின்றார்.

2008 ஐப்பசியில் முதலாளி சுப்பராயலு கூப்பிட்டு அனுப்பினார். ஷெட்டில் எந்நேரமும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் தொழிலைப் பற்றி யோசிக்கிற மனிதர் அவர். பக்கத்தில் காப்பி டம்ளர் ஆவி பறக்கும்.

“இன்னொரு தபா தூங்குனன்னு காதுல விழுந்துச்சு, பைய வச்சிட்டுப் போயிடு” என்றார், கண்ணைத் திறக்காமலே.

இருபத்திரண்டு வருஷம் நின்ற படிக்கட்டு. அதை விட்டால் தன்னை ஊரில் எவன் ஏறெடுத்துப் பார்ப்பான் என்று நினைத்தபோது தில்லைநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயப்பா, நீதான் காப்பாத்தணும் என்று கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல். பூஜை முடியாமல் டீயைத் தொடுவதில்லை. மாத்திரையைச் சொம்புத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் சரணம் சொல்லிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவார். இரண்டு வாரத்தில் மப்ளர் போனது. நாலாவது வாரம் குரல் திரும்பியது. மார்கழி பிறந்ததும் சாமிக்குத் தூக்கமே வரவில்லை! டிக்கெட் கிழிக்கிற கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒருவர் இறங்க ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் இரண்டு விசில்.

“மாமா, கொஞ்சம் மூச்சு உடு மாமா, வண்டிக்குக் கூட இவ்ளோ வேகம் வராது!” என்று டிரைவர் சேரன் கெஞ்சினான்.

“நானா அடிக்கிறேன்? ஐயப்பன் அடிக்கிறான்டா” என்றார் தில்லைநாதன்.

ஐயப்பன் அடித்த விசிலில் ஒருநாள் புவனகிரியில் ஒரு கிழவி கீழேயும் அவள் பை பஸ்ஸுக்குள்ளேயும் நின்றுவிட்டன. அந்தக் கிழவி பட்டம்மாள். முதலாளியின் மாமியார். வேறு ஆளே கிடைக்கவில்லையா!

“நாளைக்குக் காலைல ஷெட்டுக்கு வா” என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. நடுங்குகிற கையைப் பார்த்த மங்கலம் அன்று சாயங்காலமே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்தார். “மருந்து ஜாஸ்தியாயிடுச்சு. திடீர்னு எப்படிங்க?”

“இப்பல்லாம் சாமி பச்சத் தண்ணியில போடுது மேடம். முன்ன டீயிலதான் போடும்” என்று மங்கலம் போட்டு உடைத்தாள்.

டாக்டர் பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார். “ரெண்டு வருஷமா மாத்திரையில பாதிய டீக்கே குடுத்துட்டு வந்திருக்கீங்க சாமி” என்று மாத்திரையை எழுபத்தைந்தாகக் குறைத்து, தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தச் சீட்டோடு ஷெட்டில் போய் நின்றார் தில்லைநாதன். மானம் போனால் போகட்டும், படிக்கட்டு நிற்கட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தூங்கியதும் அதனால்தான், துள்ளியதும் அதனால்தான், பொம்பளைங்க வியாதி மொதலாளி, மன்னிச்சிடுங்க.

சுப்பராயலு அன்றைக்குத்தான் கண்ணை முழுசாகத் திறந்தார். சீட்டை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“காப்பிக்கும் இதே கதிதானா?”

“டாக்டரம்மா ரெண்டுமே ஆவாதுன்னாங்க மொதலாளி.”

முதலாளி மேஜை டிராயரை மெல்ல இழுத்தார். உள்ளே அதே மாத்திரை பாட்டில். லேபிளில் நூற்றைம்பது. அதைப் பார்த்த தில்லைநாதன் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

சுப்பராயலு காப்பி டம்ளரை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். “நாளைலேர்ந்து மொத டிரிப் நீயே போ. எங்க மாமியாரப் பாத்தா மட்டும் வண்டி நிக்கட்டும். அப்புறம், இந்த விஷயம்...”

“எந்த விஷயம் மொதலாளி?” என்றார் தில்லைநாதன்.