ஆறாவது பாரம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் இன்றும் என் கையில் இன்ஸ்பெக்டர் தமயந்தியும் ஏட்டு சாமிக்கண்ணுவும் துப்பறியும் மாத நாவல்தான் இருக்கும். எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஏட்டுக்கு இன்னும் ஓய்வு பெறும் வயது வரவில்லை.

அந்த நாவல் அப்போது எங்கள் திருவல்லிக்கேணிச் சந்தில்தான் புத்தகமாகும். அச்சடித்த பெரிய தாள்கள் சந்து முனையில் இருந்த பைண்டிங் கடைக்கு வந்து இறங்கும். ஒரு தாளில் பதினாறு பக்கம். அதைப் பாரம் என்பார்கள். ஆறு பாரம் சேர்ந்தால் ஒரு நாவல். வீட்டுக்கு ஒரு பாரமாகக் கொடுத்து மடித்து வாங்குவார்கள். அதனால் ஒரு வீட்டில் கொலை நடக்கும், எதிர் வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள், மாடி வீட்டில் கைரேகை எடுப்பார்கள். முழுக்கதையும் வேண்டுமென்றால் சந்தையே சுற்றி வர வேண்டும்.

மடிக்காத தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்னுக்குப் பின்னாகவும் கிடக்கும். அக்கா அதைத் தரையில் விரித்து, முழங்காலால் சுற்றிச் சுற்றி நகர்ந்து எனக்குப் படித்துக் காட்டுவாள். மை வாசனையில் எனக்குக் கண் சொருகும். தூக்கத்திலும் அவள் குரல் என்னைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்த மாதம் எங்கள் வீட்டுக்குத் தாள் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு நாலாவது பாரத்தில் ஏட்டு கத்திக்குத்து பட்டு, சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டார். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் அக்காவை ஓசூருக்கு அழைத்துப் போக வேண்டும். நான் காலையிலிருந்து அவள் முந்தானையை விடவில்லை. நானும் வண்டியில் வருவேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் முதலில் சிரித்தார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்: "டேய், ஏட்டு பொழைச்சாரா இல்லியான்னு பார்த்துட்டு வா. அது தெரியாம நான் வண்டில ஏற மாட்டேன்."

முந்தானையை விட்டுவிட்டு ஓடினேன்.

எனக்கு யாரிடமும் வாய் திறக்கக் கூச்சம். அன்று அதற்கு நேரமில்லை. எதிர் வீட்டு அத்தை தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்ல அஞ்சாவது. இதுல ஏட்டையே காணோம் நைனா. இன்ஸ்பெக்டரம்மா ஆத்துல போட்டுல தேடிக்கினு கீது."

மாடி வீட்டுத் தாத்தா இரண்டாவது பாரம். "இங்க இன்னும் ஒருத்தனும் சாவல. நீ இன்னாடா, அதுக்குள்ள பொழைக்க வைக்க வந்துட்ட?" என்றார்.

கடைசியில் பைண்டிங் கடைக்காரரிடம் போய் மூச்சு வாங்க நின்றேன்.

"ஆறாவதா? நல்லா கேட்ட போ. உங்க அக்காதானே மடிச்சுது. நீ இஸ்கூலுக்குப் போனப்புறம் ரெண்டு நாளு இங்க வந்து குந்திக்கினு மடிச்சுது. ஏட்டு பொழைச்சிக்கினாருன்னு எனக்கே அதுதான் சொல்லிச்சு."

எனக்கு ஒரே சந்தோஷம். ஏட்டு பிழைத்துவிட்டார். அதைவிடச் சந்தோஷம், அக்கா படித்ததையே மறந்துவிட்டாள். கல்யாண அவசரத்தில் எல்லாரும் எதையாவது மறந்துகொண்டுதான் இருந்தார்கள். மறதிக்காரி என்று வண்டியில் ஓசூர் வரைக்கும் கேலி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே ஓடிவந்தேன்.

வாசலில் வண்டி இல்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோலத்தில் கிடந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அழவில்லை. முடிவு தெரியாமல் அக்கா ஏற மாட்டாள். ஏறியிருக்கிறாள் என்றால், மடித்தது நாம்தானே என்று அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். அப்படியானால் என்னை விட்டுவிட்டு வந்தோம் என்பதும் பாதி வழியில் நினைவு வரும், வண்டியைத் திருப்பச் சொல்லுவாள். விளக்கு வைக்கும் நேரம் வரை, மாற்றுச் சட்டையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்றேன்.

எழுதியது: ஆடி மாதம் பன்னிரண்டாம் நாள்.