முகாம் அக்கா ஊன்றிய பனை

சவுக்குத் தோப்பின் கிழக்கு மூலையில் ஒற்றைப் பனை நிற்கிறது. செய்யூர்ப் பக்கத்துக் கடலோரத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதை மட்டும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை, அடியைத்தான் பார்ப்பேன்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இந்தத் தோப்பை ஒட்டித்தான் இருந்தது. நான் அப்போதே தோப்புக்குக் காவல். முகாமிலிருந்த அக்காவின் சின்ன மகள் காய்ச்சலில் போய்விட்டாள். புதைக்க இந்த மூலையைக் கொடுத்த பழைய முதலாளி, கல், மேடை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா மடியிலிருந்து ஒரு பனங்கொட்டையை எடுத்து ஈர மண்ணில் அழுத்தினாள். “எங்கட ஊர் மரம், தம்பி. பிள்ளைக்குத் துணைக்கு நிக்கட்டும்.”

அடுத்த தை மாதம் ஊர்ப் பெண்கள் கடப்பாரையோடு பனங்கிழங்கு தோண்ட வந்தார்கள். முளை கண்ட இடத்திலெல்லாம் குத்துவார்கள். அக்கா ஓடிவந்து அந்த முளையின் மேல் குப்புற விழுந்தாள்.

“இன்னாக்கா, ஒத்தக் கெயங்குக்கு இப்டி உருள்ற? நீயே அவிச்சித் துன்னுக்கோ!” என்று ஒருத்தி சிரித்தாள்.

“கிழங்கில்லை. கீழ என்ர பிள்ளை.”

சிரித்தவள் கடப்பாரையைத் தூர எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் தோண்டியதில்லை.

அக்கா ஊர் திரும்பிப் பல வருடமாகிறது. கைப்பேசியில் பேசும்போது நலம் விசாரிக்கும் முன்பே, “தம்பி, பனை நிக்குதோ?” என்பாள்.

இப்போது தோப்பு கைமாறி, விடுதி கட்டப் போகிறார்கள். குழந்தை இருப்பதைச் சொன்னால் போலீஸ் வருமோ, தோண்டி எங்கே போடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் மண் தோண்டும் இயந்திரத்தின் வாளியில் என்ன வருமோ என்று அதைவிடப் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய மனிதர்கள் முன்னால் நாக்கு எழாது. லாரிச் சத்தம் கேட்டாலே பனையடிக்கு ஓடிவந்துவிடுவேன்.

நேற்று ஜேசிபி சவுக்கு வேர்களைப் பிடுங்கிக்கொண்டே மூலைக்கு வந்தது. பனையில் முதுகை ஒட்டி நின்றேன்.

“தள்ளு அண்ணாத்த! மரத்தக் கட்டிக்கினு நிக்கிற, இன்னா, உன் பொண்டாட்டியா அது?” என்றான் ஓட்டுநர்.

வாளி இறங்கியது. “கீய ஒரு கொயந்த கீதுப்பா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. இஞ்சினை அணைத்து இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

“நா தொடமாட்டேன். ஆனா நாளிக்கி வேற ஆளு வருவான். மொதலாளியாண்ட நீதான் சொல்லணும்.”

இன்று காலை புது முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பனையை ஒரு முறை பார்த்தார். “பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் அக்காவின் அழைப்பு வந்தது. “தம்பி, பனை நிக்குதோ?”

“நிக்குதுக்கா” என்றேன். ‘இன்னிக்கு’ என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை பனையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.