வீட்டுப் பிள்ளை அல்லாதவர்

போன வாரம் சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பிரச்சார ஆட்டோ ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. "உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் விடிவெள்ளி..." பதிவு செய்த குரல். உள்ளே டிரைவரைத் தவிர ஆளே இல்லை. அந்தக் குரல் நடுவில் மூச்சே வாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் அதே வேலையை மூச்சு வாங்கி வாங்கிச் செய்தவள் நான்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். என் தொண்டை தெருவுக்கே பிரசித்தம். மைக் செட் கடை வைத்திருந்த சித்தப்பா, "சும்மாதானே இருக்க, ஆட்டோல ஏறிக் கத்து" என்று அனுப்பிவிட்டார். அந்த மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. இரும்பும், எனக்கு முன்னால் பேசியவரின் வெற்றிலையும் கலந்த வாசனை. கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பேன். இன்றைக்கும் நாவலூர் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது மைக்கை நீட்டினால் முதலில் மூக்குதான் சுருங்குகிறது.

கவுன்சிலர் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்ற வக்கீல் சாருக்குத்தான் கத்தினேன். கத்தரிக்கோல் சின்னம். முதல் நாள் வழக்கம்போல, "உங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் சிங்கம், விடிவெள்ளி, அன்பு அண்ணன்" என்று ஆரம்பித்தேன். ஆட்டோவுக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த வீட்டுப் பிள்ளைய எடுத்துடும்மா."

"எல்லாருமே அப்படித்தான் சார் சொல்வாங்க."

"வீட்டுப் பிள்ளைன்னா என்ன தப்பு பண்ணாலும் சோறு போடணும். வெளிய அனுப்ப மனசு வராது. நான் வேலைக்கு வர்ற ஆளு. சரியில்லன்னா அனுப்பிடணும். அதுக்குத்தானேம்மா எலெக்‌ஷன்?"

ஆட்டோ ஓட்டிய டில்லி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ, ஓட்டு கேக்க வந்துகீறியா, இண்டர்வியூக்கு வந்துகீறியா?"

சிங்கம் போயிற்று, விடிவெள்ளி போயிற்று, அன்பு அண்ணனும் போனார். பெயரும் சின்னமும், 'சரியில்லை என்றால் அடுத்த முறை மாற்றிவிடலாம்' என்பதும்தான் மிச்சம். "சின்னத்துக்கு ஏத்தாப்ல எல்லாத்தையும் கட் பண்ட்டாரு" என்று டில்லி அண்ணன் ஒரே புலம்பல். ஆனால் மனிதர் ஜெயித்துவிட்டார்! எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஜெயித்த பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளையார் கோயில் முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். தெருவில் அதற்குத் திட்டுக் கூட்டம் என்றே பெயர். நன்றி சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "உங்க வரிப்பணம், உங்க தெரு லைட்டு. எனக்கெதுக்கு நன்றி? ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேளுங்க" என்பார்.

கேட்பதில் கஸ்தூரி அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் மீன் விற்பவர். வீடு தெருவின் பள்ளமான கோடியில். மழை பெய்தால் தெருத் தண்ணீர் அத்தனையும் அங்கேதான் போய் நிற்கும். "உன் மூஞ்சப் பாத்துகினு இருந்தா தண்ணி வடிஞ்சிருமா சார்? கால்வா எப்பப் போடுவே?" அக்காவுக்கு மைக்கே தேவையில்லை.

கால்வாய்க்கு அனுமதி வாங்கிவிட்டார் சார். சிக்கல் மேட்டுப் பக்கத்து வீடுகளால் வந்தது. அவர்களுடைய வாசற்படிகள் தெருவில் நீண்டிருந்தன. இடித்தால்தான் கால்வாய். ஆளைக் கூட்டிவந்து இடித்திருக்கலாம், சட்டமும் அவர் பக்கம்தான். "படி தப்புதான். ஆனா அவங்களும் ஜனங்கதானே, பேசிட்டுச் செய்யலாம்" என்றார். பேசினார், பேசினார், வீடு வீடாகப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கே பொறுமை போய்விட்டது. அதற்குள் மழை வந்துவிட்டது. கஸ்தூரி அக்கா வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் பண்டமெல்லாம் தூக்கினார். அன்றைக்கு அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. சார் நீட்டிய பாத்திரங்களை வாங்கி மேட்டில் அடுக்கினார்.

அடுத்த தேர்தல் வந்தது. மேட்டு வீட்டுக்காரர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஜெயித்துக் கால்வாயை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிரச்சாரத்தின் கடைசி நாள், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"சார், ஒரே ஒரு தடவை வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடட்டுமா?"

உடனே மறுக்கவில்லை, பாருங்கள். கஸ்தூரி அக்கா வீட்டுப் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அப்புறம், "வேணாம்மா. அப்புறம் அவங்க எப்படி என்னை அனுப்புவாங்க?" என்றார்.

அனுப்பிவிட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கஸ்தூரி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"உன்னப் புடிக்காம இல்ல சார். வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு. நீதான சொன்னே, சரியில்லன்னா அனுப்புன்னு. அனுப்பிட்டேன் சார்."

"சரியாத்தான் பண்ணீங்க" என்றார் சார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது எனக்கு. அக்காவையும்தான்.

"அது சரி, இனிமே நான் யாரப் போயி சார் திட்டுவேன்?" என்று கேட்டார் அக்கா.

புதிதாக வந்தவர் ஒரே காலையில் ஜேசிபியை விட்டு எல்லாப் படிகளையும் இடித்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மழைக்குள் கால்வாய் வந்துவிட்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும். அக்கா வீட்டுக்குள் அப்புறம் தண்ணீர் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. டில்லி அண்ணன் மறைமலை நகரில் கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டார். வக்கீல் சாரும் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற மாதம் அந்தக் கால்வாயில் அடைப்பு. நாற்றம் தாங்காமல் கவுன்சிலர் ஆபீஸுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் கஸ்தூரி அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சால்வை. என் கைப்பையை எட்டிப் பார்த்தார்.

"நீ இன்னா வாங்கியாந்தே?"

"ஆப்பிள்க்கா."

"போதும், போதும். கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா நில்லு."

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா சால்வையைப் பிரித்துக் கவுன்சிலருக்குப் போர்த்திவிட்டுக் கை கூப்பி, "ரொம்ப நன்றிப்பா" என்றார். நானும் பழத்தை நீட்டி நன்றி சொன்னேன். அடைப்பைப் பற்றி நாங்கள் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.