குவாங் வீட்டார் திறக்காத கதவு

யின்லியானுக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. கோட்டைவாசலை ஒட்டி இருந்த அவளுடைய நூடுல்ஸ் கடையில், படம் எடுக்க இடம் பார்க்க வந்த டைரக்டர் ஹாவ் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கதவைக் காத்த தளபதி உங்க ஆளாம்மா?"

"எங்க வீட்டுக்காரரோட வம்சத்துக்கே மூத்தவருங்க. தளபதி குவாங் தியே. இந்த ஊர்ல எல்லாருமே அவர் வழிதான்."

"கடைசிவரைக்கும் திறக்கலையா?"

"எலியைத் தின்னாங்க, குதிரைவாரை வேகவச்சுத் தின்னாங்க. கதவைத் திறக்கல."

"கொஞ்சம்கூடத் தடுமாறலையா? தடுமாறாத ஆளைப் பார்த்து தியேட்டர்ல எவனும் அழமாட்டாம்மா."

"அழறது எதுக்குங்க? சூப்பு இன்னும் ஊத்தட்டுமா?"

ஊற்றினாள். காசும் வாங்கவில்லை.

புத்தாண்டுக்குப் படம் வந்தது. ஊரே பஸ் பிடித்து நகரத்துத் தியேட்டருக்குப் போனது. யின்லியானுக்குப் பக்கத்தில் கொழுந்தன் மகள் ரூய்ஷின். இங்கிலீஷ் படித்துவிட்டு, குவாங்சோவில் சீனப் படங்களுக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் வரிகளை எழுதுகிறவள், அதிகம் பேசமாட்டாள். திரை முழுக்கக் குதிரைகள், எரியும் கோபுரங்கள். ஜனம் வாய் பிளந்து பார்த்தது. பிறகு தளபதி குவாங் தியே தன் கையாலேயே தாழ்க்கட்டையை உருவி, எதிரியை உள்ளே விட்டார்.

"சீ, துரோகி!" என்று யாரோ சூரியகாந்தி விதைத் தோலைத் திரைமேல் எறிந்தார்கள். தியேட்டரே கைதட்டியது. குவாங் வீட்டார் தலை கவிழ்ந்தபடி வெளியே வந்தார்கள்.

அதன்பின் கோட்டைவாசலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. தளபதியின் கற்சிலைமேல் செருப்பை எறிந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "துரோகி வீட்டு நூடுல்ஸா? வயித்துக்குள்ள போயி நம்மளக் காட்டிக்கொடுத்துடாதே?" என்று அவள் கடையில் உட்கார்ந்தே சிரித்தார்கள்.

சிங்மிங் நாளில் முன்னோர் கல்லறைக்குப் படைத்த பன்றியை வீட்டுக்கு வீடு பங்கு வைத்தபோது, குலத்தலைவர் ஷௌரென்னின் கத்தி அவள் வீட்டைத் தாண்டிப் போனது.

"என் பங்கு எங்க மாமா?"

"பாட்டன் கதையை வித்தவளுக்கு என்ன பங்கு?"

"விக்கல மாமா. இனாமாக் கொடுத்தேன்."

அங்கே பங்கு இல்லாத வீடு குலத்தில் இல்லாத வீடு. செத்தால் புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் படுக்க இடம் கேட்கவும் வாய் இருக்காது. அன்று சூப்புக்கு எலும்பு வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஹாவின் பெயரைச் சொன்னாள்.

இலையுதிர்காலத்தில் ஹாவ் இரண்டாம் பாகத்துக்குத் திரும்பி வந்தார். முதல் பாகத்துக்கு செட் போட்டு எடுத்த அதே கதவு திறப்பதை, இம்முறை நிஜக் கதவிலேயே, எதிரிப்படை நிற்கும் பக்கமிருந்து எடுக்கவேண்டுமாம். ஷௌரென் தடியை எடுத்தார்.

"வரட்டும் மாமா. காவல் வீரனா நம்ம ஆளுங்களையே போடச் சொல்லுங்க," என்றாள் யின்லியான். மீதியை அவர் காதோடு சொன்னாள். கிழவர் தடியைக் கீழே வைத்தார்.

படப்பிடிப்பு நாளில் தொடக்கச் சடங்காக ஊதுபத்தி கொளுத்தி, கேமராமேல் இருந்த சிவப்புத் துணியை எடுத்தார்கள். வெளியே குதிரைகள், கூலிக்கு வந்த பெரும்படை, புகை. உள்ளே கவசம் மாட்டிய குவாங் வீட்டார். ஹாவ் ஒலிபெருக்கியில் கத்தினார்.

கதவு அசையவில்லை.

"திறங்கய்யா! புகை கலையுது!"

உள்ளேயிருந்து யின்லியான் குரல் வந்தது: "எங்க ஆளுங்களுக்குக் கதவு திறந்து பழக்கமில்லைங்க, டைரக்டர் சார்."

"கையெழுத்துப் போட்டுருக்கீங்க!"

"கோட்டையைக் காக்கற வேஷத்துக்குத்தானே போட்டோம்? காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஷௌரென் தலைக்கவசத்தோடு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புகைபிடித்தார். வெயில் இறங்கியது. குதிரைகள் மிரண்டன. கூலிப்படை சாப்பாடு கேட்டுக் கூச்சல் போட்டது. கடைசியில் ஹாவே வந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம். அங்கேயே நில்லுங்க. எதிரி எப்படி நின்னான்னு இப்பத் தெரியுதா?"

நின்றார். இருட்டும்வரை நின்றுவிட்டு, படையைக் கலைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சிங்மிங்குக்குக் கொழுப்பு தடித்த முதல் துண்டை ஷௌரென்னே கடைக்குக் கொண்டுவந்து வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் இளகவில்லை. செருப்பு எறிகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். போதாததற்கு முதல் பாகம் இப்போது வெளிநாட்டுக்குப் போகிறது என்றும், அதற்கு இங்கிலீஷ் வரி ரூய்ஷின்தான் எழுதுகிறாள் என்றும் கேள்விப்பட்டாள்.

கறியை வேகவைத்து, சிங்மிங்குக்கு ஊர் வந்திருந்த ரூய்ஷினின் கிண்ணத்தில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

"சாப்பிடுடி. பெரியம்மா உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படத்துல அந்தத் துரோகியை 'குவாங்'னு கூப்பிடற இடத்துல எல்லாம், கீழ 'ஹாவ்'னு எழுதிடு."