எட்டாவது பயிற்சி

மாத்தளையில் மிளகாய், மல்லி அரைக்கும் மில்லில் எனக்கு வேலை. ஆட்களோடு அதிகம் பேச வராது. மில் சத்தத்தில் பேசவும் தேவையில்லை. பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு கிட்டாரை வாங்கி வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. உறைக்குள் ஒரு புத்தகமும் இருந்தது. மேற்கத்திய முறையில் விரல் பழகுவதற்கான இருபது சிறு பயிற்சிகள். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, இசைக் குறிகளும் தெரியாது. எந்த விரலை வைக்க வேண்டும் என்று காட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மட்டும் புரிந்தது. அதே புத்தகத்தை ஒருவர் வாசித்துக் காட்டுவதைப் போனில் கண்டுபிடித்து, பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பேன். மனைவி முன் அறைக் கட்டிலில் படுத்திருப்பாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்து வருவோம்.

ஒரு நாள் போனில் மூன்றாவது பயிற்சியைத் தேடும்போது கை தவறி எட்டாவது ஓடியது.

“ஏங்க, அத நிப்பாட்டாதீங்க. என்ன பாட்டு அது?” என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

“பாட்டு இல்ல புள்ள. பயிற்சி. எட்டாவது.”

“நல்லா இருக்கே. நீங்க வாசிச்சுக் காட்டுங்களேன்.”

“நான் இன்னும் மூணுலதான் நிக்கிறேன்.”

“ஸ்கூல்லயும் மூணாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் நின்ன ஆளுதானே! நீங்க எட்டுக்கு வாரதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்.”

இருவரும் சிரித்தோம்.

அவள் சொன்னது உண்மை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மூன்றில் பெயிலாகி, தங்கச்சியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றைத் தேறாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பது அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. இந்தப் புத்தகத்தையும் வகுப்பு வகுப்பாகத்தான் நினைத்தேன்.

மூன்றாவதில் ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் மேலும் படுக்க வைத்து அமுக்க வேண்டும். என் விரலோ முன்பு ஒரு தடவை மில் பெல்ட்டில் சிக்கி வளைந்துபோனது. நடுத் தந்திகள் இரண்டும் சத்தமே தராது. ஏழு மாதம் அதிலேயே கிடந்தேன்.

“எட்டு வந்துருச்சா?” என்று இடையிடையே கேட்பாள்.

“வரும் புள்ள.”

“பிழையா வாசிச்சாத்தான் என்ன? யாரு அடிக்கப் போறா?” என்று ஒரு தடவை கோபப்பட்டாள். நான் மறுபடியும் மூன்றாவதையே எடுத்தேன். கதவையாவது திறந்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். மூன்றாவதின் அதே தடுமாறும் நாலு வரியைத்தான் தினமும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்டி பஸ்ஸுக்குப் புறப்பட்டுச் செருப்புப் போடக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது என்றார்கள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு எட்டாவதைத் திறந்தேன். விரலைப் படுக்க வைக்கும் இடம் அதில் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் அமுக்கவே தேவையில்லாத வெறும் தந்திகள். சுலபமானது முன்னால், கஷ்டமானது பின்னால் என்று அந்தப் புத்தகத்தில் வரிசை வைக்கவில்லை. நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

ஆறு நாளில் வந்துவிட்டது. முழுதாக வாசித்தால் ஒன்றரை நிமிஷம்.