யாருக்கும் தெரியாது என்று சொன்னேன்

2006 சட்டமன்றத் தேர்தல் சமயம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அரசியல் பேசக் கூடாது என்பார் தலைமையாசிரியை. ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாமல் பாடத்தை ஒப்பித்து என்ன பிரயோசனம் என்று எனக்குத் தோன்றும். எனக்கு வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

ரகசிய வாக்கெடுப்புப் பாடம் வந்தது. எந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும், ஏன் என்று சீட்டில் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன்.

"யாரு எழுதுனதுன்னு யாருக்கும் தெரியாது, தைரியமா எழுதுங்க" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஓட்டுப் பெட்டியாக வைத்த சாக்பீஸ் டப்பா நிறைந்துவிட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். ஒன்றில் ஒரு கட்சியின் பெயரை எழுதி, 'எங்கள் தெருக் குழாயைச் சரிசெய்தது இவர்கள்தான்' என்றிருந்தது. வருடம் முழுக்க நோட்டு திருத்துகிறவளுக்குக் கையெழுத்து தெரியாதா? முதல் பெஞ்சில் உட்காரும் பெண். அவள் அப்பாவோ அந்தக் கட்சிக்கு நேர் எதிரான கட்சியில் வார்டு செயலாளர். கொடி கட்டிய வண்டியில்தான் அவளைக் கொண்டுவந்து விடுவார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா, அப்பா கட்சியையே கவுத்துட்டியே!" என்று அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் அவள் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் கன்னம் வீங்கி வந்தாள். பதறிப்போய்த் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல மிஸ். யாருக்கும் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான் எழுதுனேன்" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அப்பாவிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே பரீட்சை வந்து லீவும் விட்டுவிட்டார்கள்.

ஜூனில் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு போட்டோம். பிரித்துப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் எதுவுமே எழுதியிருக்கவில்லை. யார் என்று எனக்குப் புரிந்தது. செல்லாத ஓட்டு ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

பள்ளியில் அரசியல் பேசியது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் என்னை நம்பி மனசில் பட்டதை எழுதிய ஒரு பிள்ளையை, வெறும் காகிதத்தை மடித்துப் போட வைத்துவிட்டேனே என்ற வருத்தத்தை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.